நந்தன் இறங்கிய தீ: ஒரு கதையும் அதன் மறுவடிவங்களும்

மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' புதினத்தில், விஞ்ஞானி ஒருவன் உருவாக்கிய பேருரு பேசுகிறது. மில்ட்டனின் காவியத்தைப் படிக்கிறது; ஆதாமுக்குக் கிட்டிய பரிவு தனக்கு ஏன் இல்லையெனத் தன்னை ஆக்கியவனோடு வழக்காடுகிறது. 1823-இல் இலண்டன் மேடையேறியபோதே அதன் பேச்சு பறிக்கப்பட்டது. 1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தில் அது உறுமும் பிண்டமே. முடிவும் மாறியது. புதினத்தில் அது தானே சிதை மூட்டி மாயப்போவதாகக் கூறிப் பனிவெளியில் மறைகிறது. படத்திலோ ஊரார் திரண்டு காற்றாலையோடு சேர்த்துத் தீயிடுகின்றனர். எனவே மறுவடிவங்களை மதிப்பிட நமக்கு இரு வினாக்கள் போதும்: பேசுவது யார்? தீ மூட்டுவது யார்?

இவ்வினாக்களோடு நம் நாட்டுக் கதையொன்றை அணுகுவோம். காட்டுமன்னார்கோயில் வட்டத்து ஆதனூர், நாளைப்போவார் எனப்பட்ட நந்தனாரின் ஊராகப் போற்றப்படுவது. சுந்தரர் அவர் பெயரை மட்டும் சொன்னார். நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுளோடு நிறுத்தினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 செய்யுட்களாக விரித்தார். மருத நிழலில் தோலின்மேல் உறங்கும் குழந்தையும், மாமரத்தில் தொங்கும் பறைகளுமாகச் சேரியை அவர் காட்டும் பகுதி, தமிழில் அத்தகைய குடியிருப்பைக் கண்கொண்டு பார்த்த அரிய பகுதிகளுள் ஒன்று. எனினும் தீ இறைவன் ஆணையாகவே வருகிறது. தில்லை அந்தணர் மூட்டுகின்றனர். நந்தன் மகிழ்வோடு இறங்குகிறான். தூய்மை பெற வேண்டியவன் அவன் ஒருவனே என்பதில் புராணத்திற்கு ஐயமில்லை.

சேக்கிழாரிடம் இல்லாத பண்ணையாரை, வேதியர் என்ற பெயரில், 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் கொணர்ந்தார். நாற்பது வேலி நிலத்தில் பயிரிட்டு அறுவடையும் முடித்தாலன்றித் தில்லைக்கு விடைதர மறுக்கும் அவ்வேதியரால்தான் கதைக்குள் உழைப்பு நுழைந்தது. நூலுக்குப் பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கியதை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். புலவர் கண்டது இலக்கண வழு. நாம் காணும் குறை வேறு. இங்கே நந்தன் பேசுகிறான், ஆனால் இரந்து பேசுகிறான். ஓரிரவில் தெய்வ அருளால் கதிர் விளைகிறது. வேதியர் அடியவன் காலில் விழுகிறார். நிலம் மட்டும் வேதியருடையதாகவே இருக்கிறது.

1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தனர். பாட்டுகள் நின்றன. அவற்றைப் பாடுவோருள் எத்தனை பேர் ஆதனூர்ச் சேரியை நினைக்கின்றனர் என்பது வேறு செய்தி. அயோத்திதாசர் இக்கதையைத் தலைகீழாக்கி, வஞ்சனையால் வீழ்த்தப்பட்ட பௌத்த மன்னனாக நந்தனைக் கண்டார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில் (1978) தீ தெய்வத் தீயன்று, சதி. நந்தன் எரிந்து போகிறான்.

நம்மை நேரே தொடுவது புதுமைப்பித்தன் 1934-இல் எழுதிய 'புதிய நந்தன்'. ஆதனூர்ப் பாவாடையைப் பாதிரியார் ஜான் ஐயர் அழைத்துச் சென்று படிக்க வைக்கிறார். தானியேல் என்று பெயரிடுகிறார். தில்லையில் தீ, இங்கே ஞானஸ்நானத் தண்ணீர். ஆனால் அவன் பாதிரியாரின் மகளை விரும்பியபோது, தண்ணீர் கழுவிவிட்டதாகச் சொல்லப்பட்ட சாதி அவர் வாயிலேயே வசையாகத் திரும்பி வருகிறது. அவன் வெளியே தள்ளப்படுகிறான். கற்பனைதானே என்று நாம் கடந்துவிட இயலாது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை நீக்குமாறு ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபையார் பலர் பிரிந்து செல்லவும் துணிந்தனர். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களை அறியாத போதகர் நம்மிடையே உண்டோ? அப்படியிருந்தும் நந்தனைப் பக்திதாகத்திற்கு உவமையாக மறையுரையில் கையாளுகிறோம். அவனை வெளியே நிறுத்திய மதிலைப் பற்றிப் பேச நேரம் போதுவதில்லை.

இக்கதையின் முடிவை நாம் ஏற்கத் தயங்குகிறோம். தந்தை கருப்பன், சுயமரியாதைத் தோழனாகிவிட்ட மகன், ஊர் ஐயரின் மகன் ஆகிய மூவரும் ஒரே இரயிலில் அடிபட்டு, இரத்தம் கலந்து இறக்கின்றனர். அங்கதம் கூர்மையானது, ஆயினும் விபத்து எல்லாரையும் சமமாக்கிவிடுகிறது. தீ மூட்டியவரைத் தேட வேண்டியதில்லை என்றாகிறது. ஜான் ஐயர் வீட்டு வாசலில் கேட்ட வினாவைத் தண்டவாளத்தில் ஆசிரியர் கைவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நந்தன் கதையின் வடிவங்களை ஆய்வோர் சுவாமி சகஜானந்தரை அப்பட்டியலில் சேர்ப்பதில்லை, நாம் சேர்க்கிறோம். 1916-இல் அவர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளியொன்றைத் தொடங்கினார். நந்தன் தீயில் இறங்கியதாக மக்கள் சொல்லும் ஓமக்குளத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலகையும் பலப்பமுமாக அமர்ந்தனர்.