மதிலுக்குள் ஒரு வயல்
‘பாபெட்டின் விருந்து’ திரைப்படம் குறித்து

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வந்த ஒரு மாலையில், எங்கள் பங்கு அரங்கில் ‘பாபெட்டின் விருந்து’ என்னும் டேனிஷ் திரைப்படத்தைத் திரையிட்டோம். கபிரியேல் ஆக்செல் இயக்கத்தில் 1987இல் வெளிவந்து, மறு ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்ற படம். 1995இல் வத்திக்கான் தெரிந்தெடுத்த நாற்பத்தைந்து படங்களுள் இதுவும் ஒன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலிலும் இதனை நினைவுகூர்ந்தார். எனவே நற்கருணையோடு இணைத்து ஓர் உரையை நானும் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். விளக்கு போட்டதும் முதல் வினா ஒரு முதிய விவசாயியிடமிருந்து வந்தது. “அந்தத் தளபதி குடிச்சாரே, அது எந்த வயல்ல வெளைஞ்சது சாமி? மேடா, பள்ளமா?” அன்று எனக்கு விடை தெரியவில்லை. உரையையும் அரைகுறையாக முடித்தேன்.

படத்தைப் பாராதவர்க்குக் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1871இல் பாரிஸ் நகரக் கிளர்ச்சியில் கணவனையும் மகனையும் இழந்த பாபெட், டென்மார்க்கின் கடலோரச் சிற்றூரில் இரு முதிய சகோதரிகளிடம் சமையற்பணியில் சேர்கிறாள். பரிசுச் சீட்டில் விழுந்த பத்தாயிரம் பிராங்கையும் ஒரே விருந்தில் செலவிடுகிறாள். சுவை என்பதே பாவம் என்றஞ்சும் ஊரார், உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று உறுதி பூண்டு பந்தியில் அமர்கின்றனர். கிண்ணத்தில் இருப்பது இன்னதென்று அறிந்தவர், விருந்தினராய் வந்த தளபதி ஒருவரே.

இதில் நாம் கவனியாமல் கடந்துவிடும் காட்சி ஒன்றுண்டு. புட்டிகள் வந்திறங்கும்போது, ‘இது மதுவோ?’ என்று மூத்தவள் கலங்கிக் கேட்கிறாள். பாபெட் அதை மறுத்து, ‘குளோ த வூஜோ, 1845’ என்கிறாள். மது என்ற பொதுச்சொல்லை அவள் ஏற்கவில்லை. ஒரு வயலின் பெயரையும் ஓர் ஆண்டையும் சொல்கிறாள். அந்த ஒரு வரியோடு படம் அந்த வயலை விட்டுவிடுகிறது. ஆமையும் காடையும் நெடுநேரம் காட்டப்படுகின்றன. சமைத்த கை போற்றப்படுகிறது. விளைந்த மண் கண்ணில் படவே இல்லை. படத்தின் குறை என்று நான் கருதுவது இதுதான். இதை வைத்து மறையுரை ஆற்றும் நம்மிடமும் அதே குறை உண்டு.

(மாலை வேளையில் அரசு மதுக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தையும், அதனால் அடுப்பெரியாத வீடுகளையும் நான் அறியாதவன் அல்லேன். குடிக்குப் பரிந்து பேச இங்கு வரவில்லை. மண்ணைப் பற்றியே பேச்சு.)

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், 1098இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவியர் உருவாக்கிய தோட்டம் அது. 1336 அளவில் சுற்றுமதில் முடிந்தது. உள்ளே ஏறத்தாழ ஐம்பது எக்டேர். நம் கணக்கில் நூற்றிருபத்தைந்து ஏக்கர். சிவப்பு இரசத்திற்கு அங்குப் பயிராவது பினோ நுவார் என்னும் ஒரே கருந்திராட்சை. வெயிலும் ஒன்றே, மழையும் ஒன்றே. ஆயினும் சுவை ஒன்றல்ல. சரிவின் மேற்பகுதியில் மண் மெலிந்தது, சுண்ணாம்புக் கல்லும் சரளையும் கலந்தது, நீர் நிற்காது. சாலையோரத் தாழ்நிலத்தில் களிமண் ஆழம்; நீர் வடியாது. சிறந்த இரசம் மேட்டிலிருந்தே வருகிறது. மேட்டு இரசம் திருத்தந்தைக்கு, நடுப்பகுதி ஆயருக்கு, பள்ளத்தது துறவியருக்கு என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதைதான், ஆனால் பள்ளத்து ஊரில் பங்குப்பணி செய்பவனுக்கு அது எளிதில் மறப்பதில்லை.

வண்டலே செல்வம் என்று வளர்ந்த நமக்கு இது தலைகீழ்ப் பாடம். எசாயா ஐந்தாம் அதிகாரத்துத் தோட்டம் ஒரு குன்றின்மேல் இருந்தது. வளமான குன்றுதான், ஆயினும் உரிமையாளர் முதலில் கற்களைக் களைய வேண்டியிருந்தது. நம் பாடல்களிலும் மறையுரைகளிலும் அக்கல்லும் குன்றும் மறைந்து, கொழுத்த சோலை ஒன்று குடியேறிவிட்டது. வேர் ஆழம் தேடி வருந்தும் நிலத்தில் நின்றுகொண்டு யோவான் பதினைந்தாம் அதிகாரத்தின் ‘கழித்துவிடுதலை’ வாசித்தால், அது வேறாக ஒலிக்கும்.

1395இல் பர்கண்டிக் கோமகன் துணிந்த பிலிப்பு ஓர் ஆணை பிறப்பித்தார். மிகுவிளைச்சல் தரும் கமே என்னும் திராட்சையைப் பிடுங்கியெறிய வேண்டும் என்பது அதன் சாரம். எரு இடுவதையும் அவ்வாணை தடுத்தது. சுவையின் வரலாற்றில் இதனைப் பெருமையாக எழுதுவர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பசியறியாத கோமகனுக்கு அவ்வாணை எளிது. கொடியைப் பிடுங்கியவன் பிள்ளைகள் அவ்வாண்டு என்ன உண்டனர் என்பதை யார் எழுதினார்?

பர்கண்டியில் பெயர் பெற்ற இத்தகைய வயல்கள் 1,247. அவற்றை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமையாக ஏற்றது. புட்டியின்மேல் எழுதுவது வயலும் ஆண்டும். நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்ற தொல்காப்பியர் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

நமக்கும் திராட்சைத் தோட்டம் இல்லாமல் இல்லை. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில், கத்தோலிக்கர் மிகுந்த இராயப்பன்பட்டி உள்ளிட்ட ஊர்களில், பந்தலில் படரும் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழிச் செய்தி. நம் வெப்பத்தில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை உண்டு. ஆகவே அங்கு ‘இன்ன ஆண்டின் பழம்’ என்ற பேச்சு எழுவதில்லை. நிலத்தின் பெயர் மட்டும் 2023இல் புவிசார் குறியீடாகக் கிடைத்தது.

நெல்லுக்கு வருவோம். எங்கள் பகுதியில் காட்டுயானம் வெள்ளம் தாங்கும். குழியடிச்சான் உவர் நிலத்தில் நிற்கும். எந்த வயலுக்கு எந்த நெல் என்று அறிந்திருந்த அறிவு, சீத்தோ துறவியரின் அறிவுக்குத் தாழ்ந்ததன்று. அதை ஊர் ஊராய்த் தேடி, நூற்று எழுபதளவில் மரபு நெல் வகைகளைத் திரட்டி, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியவர் 2018இல் மறைந்த ‘நெல்’ ஜெயராமன். உயர்விளைச்சல் நெல் நம் பசியாற்றியதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் இன்று கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு இரண்டே வகை: சன்ன ரகம், பொது ரகம். பள்ளத்து நெல்லும் மேட்டு நெல்லும் ஒரே சாக்கில் கொட்டப்படுகின்றன. டென்மார்க்குச் சகோதரியைப் போல நாமும் ‘அரிசி’ என்ற பொதுச்சொல்லில் நின்றுவிட்டோம்.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு சில வாரங்கள் கழித்து அந்தப் பெரியவரிடம் சென்றேன். திண்ணையில் அமர்ந்து கேட்டவர், தம் வயல்களின் பெயரைச் சொன்னார்: பள்ளத்தடி, மேலக்காணி, அய்யனார் மூலை. “பட்டாவுல நம்பர் மட்டுந்தான் சாமி இருக்கு. என் மகனுக்கே இந்தப் பேரு தெரியாது.” வீட்டுச் சாப்பாட்டுக்கென ஒரு மா நிலத்தில் மட்டும் குழியடிச்சான் போடுவதாகவும் சொன்னார்.

பிறகு ஓர் ஐயம் கேட்டார். அந்த மதிலுக்குள் சாலையோரப் பள்ளத்தை வைத்திருப்பவன் எந்தப் பெயரில் விற்கிறான்? பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் துறவியரிடமிருந்து பறித்து விற்கப்பட்ட அத்தோட்டம் இன்று எண்பதளவு உரிமையாளரிடம் துண்டுபட்டுக் கிடக்கிறது. மதிலுக்குள் உள்ள அனைவரும் அதே பெயரில், அதே முதல்தரத்தில்தான் விற்கலாம் என்றேன்.

அவர் நெடுநேரம் சிரித்தார். “அப்ப அங்கேயும் ஒரே சாக்குதானா சாமி?”