பாட்டுக்கு உரியவர் எவர்?

புதிதாக வாங்கிய பாட்டு புதுத்துணியைப் போன்றது. வீடு வந்து சேரும்வரை பிரிக்காமல் வைத்திருக்க மனம் இடங்கொடாது. அண்மையில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட்ட நாம், வழியிலே ஒரு கடையில் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபாவின் பாடல்கள் அடங்கிய 'பென் டிரைவ்' ஒன்றை வாங்கினோம். பிள்ளைகளின் கைப்பேசியிலோ சந்தா செலுத்திப் பெற்ற புதுப்பாடல்கள் இருந்தன. காரவள்ளியில் தொடங்கி மலையேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இவ்விரண்டும் முறை வைத்து ஒலித்தன.

முதலில் ஹனிபா. அவர் 2015இல் மறைந்தார், குரல் மறையவில்லை. உச்சத்தில் நின்று முழங்கும்போதும் ஓர் எழுத்தும் சிதையாத உச்சரிப்பு அவருடையது. மீலாது மேடையானாலும் திராவிட இயக்க மேடையானாலும், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரியும். இராகத்தின் நெளிவுகளில் திளைப்பதைவிடச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே அவர் பெரிதாகக் கருதினார் என்பது நம் கணிப்பு.

ஆனால், நாம் வாங்கிய பதிவு அக்குரலுக்கு நியாயம் செய்யவில்லை. ஒலிநாடாவிலிருந்து பலமுறை படியெடுத்தது போலும்; மேளம் வீங்கி ஒலிக்க, மேல்தாயியில் குரல் கரகரத்தது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. உறையில் பாடகரின் படம் இருந்தது. பாடல்களை எழுதியவர் ஒருவரின் பெயரும் இல்லை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. அதை இயற்றியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம் என்பதை அறிந்த இல்லங்கள் எத்தனை?

பிள்ளைகள் போட்ட பாடல் 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. துள்ளலாகத் தொடங்கி ஒப்பாரியில் வந்து முடியும் அமைப்பே அதன் வலிமை. மண்ணைத் திருத்திய மக்களுக்கு மண் சொந்தமில்லை என்ற துயரத்தை ஆட வைத்தே சொல்லிவிடுகிறது. பல்லவியின் இனிமையில் மயங்கி அத்துயரைக் கேளாமலே ஆடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்பதே அதன் ஆபத்து.

அந்தப் பாட்டுக்கும் இதே வழக்கு நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை ஏட்டின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதது சர்ச்சையாயிற்று. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அவரின்றியே அப்பாடல் அரங்கேறியது. அறிவு தம் உழைப்பை எடுத்துரைத்தார்; கூட்டு முயற்சி என்று இசையமைப்பாளர் விளக்கம் தந்தார். யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்புக் கூற நாம் துணியோம். ஆயினும் உழுதவனுக்கு நிலமில்லை என்று பாடிய பாட்டிலேயே, பாட்டை உழுதவர் யார் என்ற கேள்வி எழுந்ததே, அது நெஞ்சை உறுத்துகிறது.

செம்மேட்டை அடைந்து வண்டியை நிறுத்தியபோது, இம்மலையின் தலைவன் வல்வில் ஓரியின் நினைவு வந்தது. புறநானூற்றின் 152ஆம் பாடலில், வன்பரணரும் அவர் கூட்டத்தாரும் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கின்றனர். முழவும் யாழும் ஆகுளியும் பதலையும் முழங்கப் பாடுகின்றனர். தன்னைத் தலைவனென்று புகழ்ந்தபோது நாணி நின்ற அவ்வேட்டுவன், ஊனும் பொன்னும் மணியும் வாரி வழங்குகிறான். பாடிய புலவரின் பெயர் இன்றும் நிற்கிறது. கொடுத்தவன் பெயரும் நிற்கிறது. உடன் நின்ற விறலியின் பெயரென்ன? முழவு கொட்டியவர் எவர்? இம்மலையின் மூடுபனிக்குள் அப்பெயர்கள் போயின.

பாட்டு நிலைத்தால் போதும், பெயர் எதற்கு என்பாரும் உளர். தன் பெயரைப் பெரிதென எண்ணாமை புலவனுக்கு அழகு. அவன் பெயரை மறப்பது நமக்கு அழகாகாது. தம்மை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரைச் சீறாப்புராணத்துக்குள்ளேயே நன்றியோடு நினைந்தார் உமறுப்புலவர். புரவலரைப் புலவர் மறவாத மரபு நம்முடையது. புலவரை நாம் மறக்கலாமா?

பழைய இசைத்தட்டின் நடுவட்டத்தில் பாடியவர், இயற்றியவர் பெயர்கள் பெரும்பாலும் அச்சாகி இருக்கும். தட்டு சுழலுமுன் வீட்டுச் சிறுவன் அதை உரக்கப் படிப்பான். இன்று கடையில் வாங்கும் பதிவுகள் பலவற்றில் அந்த வட்டம் இல்லை. ஆகவே அப்பணி நம் வீட்டாருடையதாகிறது.

மலையிறங்கும்போது எங்கள் இளைய மகள் ஹனிபாவை மீண்டும் கேட்டாள். "எழுதியவர் யார், சொல், போடுகிறோம்" என்றோம். சொன்னாள். பாட்டு தொடங்கியது.