மணிபல்லவம் எங்கே? காப்பியத் தீவொன்றைத் தேடும் முறைபற்றிச் சில குறிப்புகள்

சாத்தனாரின் மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இன்றைய எவ்விடம் என்ற வினா, 1898 இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்த காலந்தொட்டு ஆய்வாளரையும் ஆர்வலரையும் விட்டகலாத ஒன்றாகும். நயினாதீவே அது என்பர் ஒருசாரார். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே அது என்பர் மற்றொருசாரார், முதலியார் செ. இராசநாயகம் 1926 இல் வெளியிட்ட தமது ஆங்கில நூலிற் கொண்ட நிலைப்பாடு இதுவே. ஊர்காவற்றுறை, காரைதீவு முதலியவற்றைச் சுட்டுவோரும் உளர். தீவுப்பகுதியிற் பிறந்தோர் பெரும்பாலும் தத்தம் தீவுக்கே வாக்களிப்பர் என்பதையும் இங்கு மறைக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையில் நாம் புதியதொரு தீவை முன்மொழிய முற்படவில்லை. இதுவரை தரப்பட்ட சான்றுகள் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதையே நோக்க விரும்புகின்றோம்.

கதையில் வரும் ஊரை நிலத்திற் காணும் ஆவல் நமக்கு மட்டும் உரியதன்று. ஆர். கே. நாராயணன் 1935 இல் தம் முதல் நாவலிற் படைத்த மால்குடியை மைசூரிலும் லால்குடியிலும் வாசகர் தேடினர். 1980களில் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, படம்பிடிக்கப்பட்ட அகும்பேயே மால்குடி ஆயிற்று. இராவணனின் இலங்கையை நடு இந்தியாவில் வைத்தார் தொல்லியலாளர் சங்காலியா. நமது சிக்கலுக்கு மிக அண்மியது ஹோமரின் இத்தாக்கா. இன்று அப்பெயரைத் தாங்கும் தீவு காப்பிய வருணனையோடு முழுதும் பொருந்தாமையால், அருகிலுள்ள லெவ்காசை முன்வைத்தார் டோர்ப்பெல்ட். 2005 இல் பிட்டில்ஸ்டன் என்பார் கெவலோனியாவின் மேற்குப் பகுதியே அது என்றார். பல தீவுகள் நெருங்கிக் கிடக்குமிடத்து ஒரு காப்பியத் தீவைத் தேடுவதன் இடர்ப்பாடு அங்கும் இதுவே.

முதலிற் காப்பியம் கூறுவதை நோக்குவோம். புகாரின் உவவனத்தில் இருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் வான்வழியே தெற்கே முப்பது யோசனை தூரம் கொண்டுசென்று மணிபல்லவத்தில் விடுகின்றது. அங்கே புத்தபீடிகை உளது; பழம்பிறப்பை உணர்த்தும் ஆற்றல் அதற்குண்டு. அதனை உரிமைகோரிப் போரிட்ட நாக அரசர் இருவரின் பகையைப் புத்தர் தீர்த்தார். தீவதிலகை என்னும் தெய்வம் அதனைக் காத்து நிற்கின்றது. கோமுகிப் பொய்கையில், வைகாசி முழுமதி நாளில் அமுதசுரபி வெளிப்படும். அயலில் இரத்தினத் தீவமும், அங்கே புத்தரின் அடிச்சுவடு பொருந்திய சமந்த மலையும் உள்ளன.

இவற்றுள் தூரக்கணக்கைப் பெரிதாகப் போற்றுவோர் பலர். பூம்புகாரிலிருந்து நேர்தெற்கே சென்றால் தீவுப்பகுதியை அடைவோம் என்பது உண்மையே. திசை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகின்றது. ஆனால் தூரம் அவ்வாறன்று. பூம்புகாருக்கும் நயினாதீவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் உண்டு. யோசனை ஒன்றுக்கு எட்டுக் கிலோமீற்றர் என மட்டாகக் கொண்டாலும் முப்பது யோசனை 240 கிலோமீற்றர் ஆகும். அவ்வளவு தூரம் சென்றால் தீவுகளைக் கடந்துவிடுவோம். யோசனையைக் குறுக்கிக் கணக்கைச் சரிசெய்யலாம் எனின், அவ்வாறு சரிசெய்யப்பட்ட கணக்கு எதனையும் நிறுவாது. மேலும் சம்புத்துறை, கந்தரோடை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் புகாரிலிருந்துள்ள தூர வேறுபாடு நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவானது. யோசனை என்னும் அளவிலுள்ள ஐயம் அதனினும் பெரிது. ஆகவே இவ்வெண்ணைக் கொண்டு ஒரு தீவை ஏற்று மற்றொன்றைத் தள்ளுதல் இயலாது.

இரண்டாவது சான்று மகாவம்சம். புத்தரின் இரண்டாம் வருகையில் மகோதரன், சூளோதரன் என்னும் மாமன் மருகர் மணி ஆசனமொன்றின் பொருட்டு நாகதீபத்திற் போரிட்டதாகவும், புத்தர் அவர்களைச் சமாதானப்படுத்தியதாகவும் அந்நூலின் முதல் அத்தியாயம் கூறும். இரு கதைகளும் ஒரே மரபின் இரு கிளைகள் என்பதில் ஐயமில்லை. எனவே மணிபல்லவம் நாகதீபம், நாகதீபம் நயினாதீவு, ஆதலால் மணிபல்லவம் நயினாதீவு என முடிவுகட்டப்படுகின்றது. இவ்வாதத்தின் நடுப்பதம் நழுவுவதை நாம் கவனித்தல் வேண்டும். 1936 இல் வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் இசிகிராயன் என்னும் அமைச்சன் நாகதீபத்தை ஆண்டதாகக் கூறுகின்றது. அமைச்சன் ஒருவன் ஆளும் அந்நாகதீபம் குடாநாட்டை உள்ளடக்கிய நிலப்பரப்பாதல் வேண்டும். ஓரிரு மணிநேரத்திற் சுற்றிவரத்தக்க ஒரு சிறு தீவாகாது. போல் பீரிசு இதற்கு முன்னரே, 1917 அளவில், தம் ஆய்வுகளின் வழி இதே முடிவுக்கு வந்திருந்தார். முதற் கூற்றில் நாகதீபம் பெருநிலம். இரண்டாங் கூற்றில் அதுவே சிறுதீவு. இரு பொருளில் வரும் ஒரு சொல்லைப் பாலமாக்கிக் கடத்தல் தகாது.

அங்ஙனமாயின் குடாநாடே மணிபல்லவம் என இராசநாயகம் கொண்டது பொருந்துமா எனின், அதற்குக் காப்பியமே தடையாக நிற்கின்றது. போரிட்ட அரசர் இருவரையும் நாகநாட்டை ஆண்டோர் என்கிறார் சாத்தனார். நாகநாட்டு அரசன் வளைவாணனின் மகள் பீலிவளையும் மணிபல்லவத்துக்குப் பீடிகையை வழிபட வருபவளாகவே காட்டப்படுகின்றாள். நாகநாடு வேறு, மணிபல்லவம் வேறு என்பது புலவர் உள்ளத்தில் தெளிவாக இருந்தது.

இதனினும் வலிய சான்று ஆபுத்திரன் கதையில் உளது. இடம் தேடுவோர் இதனைப் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுவர் என்பதே எமக்கு வியப்பு. மழை வளம் பெருகியதால் உண்பார் இன்றி அமுதசுரபியோடு வாடிய ஆபுத்திரன், சாவகத்திற் பஞ்சம் என வணிகர் சொல்லக் கேட்டுப் பாண்டிநாட்டை நீங்கிக் கப்பலேறுகின்றான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத்திற் பாயிறக்கி ஒருநாள் தங்குகின்றது. அவன் இறங்குகின்றான், ஏறிவிட்டான் எனக் கருதி இரவிற் கப்பல் போய்விடுகின்றது. பல்லுயிரை ஊட்டவல்ல பாத்திரம் தன் ஒருவன் வயிற்றுக்கோ என்று அதனைக் கோமுகியில் விட்டு, உண்ணாதிருந்து உயிர்நீக்கின்றான். அவனைத் தேடி மீண்டுவந்த செட்டிகள் ஒன்பதின்மரும் அங்கேயே மாய்கின்றனர். பின்னர்ச் சாவக மன்னன் புண்ணியராசனாக மறுபிறப்பெய்தி வரும் அவனுக்கு அவனது பழைய உடலின் எலும்புகளே காட்டப்படுகின்றன.

இக்கதைக்கு மணிபல்லவம் ஆளற்ற தீவாக இருத்தல் இன்றியமையாதது. உண்பதற்கு ஒருவர் இருந்திருப்பினும் ஆபுத்திரன் இறந்திரான். மக்கள் குடியிருந்த சம்புத்துறையிலோ கந்தரோடையிலோ அவன் பட்டினி கிடந்தான் என்றால் காப்பியத்தின் நடுவறமே குலைந்துபோகும். குடிகள் நிறைந்த இன்றைய தீவொன்றின் பெருமைக்காக மணிபல்லவத்தை நாம் கோரும்போது, ஆளின்மையே அத்தீவின் இலக்கணம் என்பது மறக்கப்படுகின்றது.

ஆனால் இவ்வாதத்தால் தீவுக்கடலையே தள்ளிவிடுதலும் கூடாது. காற்றுக்கு ஒதுங்கும் கப்பல், பீலிவளையின் குழந்தையை ஏற்றிச்சென்ற கம்பளச்செட்டியின் மரக்கலம் உடைதல் ஆகியன இக்கடலின் இயல்பை அறிந்தோர் வாயிற் பிறந்த செய்திகள் போலும். இதற்குப் பிற்காலச் சான்றொன்று நயினாதீவிலேயே கிடைத்துள்ளது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனமான அதனைக் கா. இந்திரபாலா 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்குதல் வேண்டும். அவர்கள் காக்கப்படல் வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலங்கள் கெட்டால் நாலத்தொன்று பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும். பிற சரக்குடன் கெட்டால் செம்பாதி பண்டாரத்துக்கு என்பது அதன் சாரம். அரசன் பங்குவீதம் வகுத்து விதிசெய்யும் அளவுக்குக் கலங்கள் இங்கே உடைந்தன. அவ் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. காப்பியத்துக்குச் சிலர் இரண்டாம் நூற்றாண்டையும் பலர் ஆறாம் நூற்றாண்டையும் கூறுவர். எதுவாயினும் இச்சாசனம் பன்னூறாண்டு பிந்தியது. இருப்பினும் காற்றும் கற்பாரும் அதற்குள் மாறியிரா.

அப்பெயரின் வரலாறே ஓர் எச்சரிக்கையாகவும் அமைகின்றது. தமிழர் ஊருக்குக் காவலான துறை என்றனர். சிங்கள வழக்கிற் பன்றி என்னும் பொருள் காணப்பட்டு, பாளியில் அது சூகரதித்தம் ஆயிற்று. போர்த்துக்கேயரின் இறங்குதுறைச் சொல்லிலிருந்து கயிற்ஸ் வந்தது. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரப் பெயரால் லெய்டன் என்றனர். ஒரே துறைக்கு இத்தனை மொழியினர் இத்தனை பொருள் கண்டனர். மணிபல்லவம் என்ற சொல்லின் பிற்பகுதியைப் பற்றிக்கொண்டு பல்லவர் குலத்தின் தோற்றத்தையே இத்தீவில் வைத்த ஆய்வுகளை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

இவ்வினா வெறும் ஏட்டுப்பூசலன்று. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நயினாதீவில் அண்டை அயலாக நிற்கின்றன. நாகதீபம் என்ற பெயரைக் கொண்டு அத்தீவைச் சிங்கள பௌத்தத்தின் தனியுரிமையாகக் காட்டுவோர் உளர். அதற்கு விடையாக மணிபல்லவம் என்ற பெயரை உயர்த்துவோரும் உளர். பின்னவர் கையிலெடுக்கும் நூல் தமிழ்ப் பௌத்தன் ஒருவனின் காப்பியம் என்பதை இருசாராரும் நின்று எண்ணுவதில்லை. தமிழ் பேசிய பௌத்தர் இக்கடலைத் தம் புனிதவெளிகளுள் ஒன்றாகக் கண்டனர் என்பதற்கு மணிமேகலை போதிய சான்று. அதற்கு எந்தத் தீவின் உறுதிப்பத்திரமும் தேவையில்லை.

எமது கருத்து இதுவே: நாகதீபக் கதையையும், புகாருக்குத் தெற்கேயுள்ள சிறுதீவுகள் பற்றி மாலுமிகள் வழங்கிய செய்திகளையும் சாத்தனார் அறிந்திருந்தார், அவற்றைக் கொண்டு தம் காப்பியத்துக்கு வேண்டிய ஆளற்ற தீவொன்றை அமைத்தார். அத்தீவுகளுள் நயினாதீவுக்கு நாகவழிபாட்டுத் தொடர்பால் ஒரு முன்னுரிமை உண்டு, அதற்குமேல் இல்லை. இனிவரும் பதிப்புகளின் அரும்பத அகராதியில் “மணிபல்லவம் – நயினாதீவு” எனச் சமக்குறி இடுவதைத் தவிர்த்து, “யாழ்ப்பாணத்துக்கு அணித்தான தீவுகளுள் ஒன்றாகக் கருதப்படுவது, நயினாதீவு என்பர் சிலர்” என எழுதுதல் தகும்.