மலைக்கு முன்னால் வரும் வானம்

மலைமேல் திரளும் புயல்மேகங்களின் ஒளிப்படத்தை மதிப்பிட உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டியது மேகத்தை அல்ல, மலையின் விளிம்பை. எடுத்தவரின் கண்ணும், பிறகு அதை அச்சாக்கிய கையின் நேர்மையும் அந்தக் கோட்டில்தான் ஒருசேரத் தெரியவருகின்றன. கடல்மேல் நிற்கும் மேகம் அடிவானத்துக்கு அப்பால் இருக்கிறது; கடல் கீழே, வானம் மேலே, நடுவில் ஒரு நேர்கோடு. மலையில் புயல் அப்படி ஒதுங்கி நிற்பதில்லை. பாறைக்கு முன்னால் வருகிறது, பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது, ஒரு சிகரத்தை மூடி மற்றொன்றைத் திறக்கிறது. வானமும் மலையும் அங்கே ஒரே வெளியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கீட்டைத் தொனிகளில் நிறுவும் படம் தேறும். வானத்தை ஓர் அடுக்காகவும் மலையை வேறோர் அடுக்காகவும் நடத்தும் படம், பார்வைக்கு எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும், தேறாது. இந்தக் கட்டுரையின் அளவுகோல் இவ்வளவுதான்.

இரண்டு அடுக்காகப் பார்க்கும் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. நீல ஒளிக்கு அளவு மீறிக் கூசிய 19ஆம் நூற்றாண்டு ஒளிப்படத் தட்டுகளில் நிலம் பதியும் நேரத்துக்குள் வானம் வெளுத்துப்போகும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகடிவும் மேகத்துக்கு ஒரு நெகடிவும் எடுத்து, அடிவானத்தில் இணைத்து அச்சிட்டார். கடலில் அது செல்லுபடியானது, ஏனென்றால் இணைப்பு விழும் இடத்தில் இயற்கையே ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. 1860களில் இமயமலைக்குக் கண்ணாடித் தட்டுகளைச் சுமந்து சென்ற சாமுவேல் போர்னின் படங்களில் பாறையும் பனியும் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு நிற்கின்றன. வானமோ பெரும்பாலானவற்றில் வெற்றுத்தாள். அவரைக் குறை சொல்வதற்கில்லை, கருவியின் எல்லை அது. எல்லா நிறங்களுக்கும் ஓரளவு சமமாக இசையும் பான்குரோமேடிக் தட்டுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்த பிறகே மேகத்தையும் மலையையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிப்பது நம்பகமான காரியமாயிற்று.

வாய்ப்பு வந்ததும் ஒரு சலுகையும் வந்தது: சிவப்பு ஃபில்டர். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்துவிட்டு, அது போதாது என்று அடர்சிவப்புக்கு மாறினார். வானம் ஏறக்குறையக் கருப்பாயிற்று, பாறை எழுந்து நின்றது. எடுப்பதற்கு முன்பே அச்சை மனத்தில் காணும் அவருடைய முறைக்கு அந்தப் படம் தொடக்கப் புள்ளி; அந்தப் பெருமை குறையாது. ஆனால் நம் அளவுகோலில் அது புயலின் படமல்ல. மேகமில்லாத நீலவானத்தைக் கருப்பாக்கி நாடகம் உண்டாக்கிய படம். சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுக்கும். புயல்மேகத்தில் தடுப்பதற்கு நீலம் குறைவு. சாம்பலுக்குள் சாம்பலாக இருக்கும் அடிவயிற்றை எந்த ஃபில்டரும் பிரித்துத் தராது. மேகம் கிழிந்த இடங்களை அது ஆழமாக்கும், அவ்வளவே. உண்மையான புயலில் எடுத்தவர் நம்ப வேண்டியவை இரண்டு: ஒளி விழும் திசை, நெகடிவில் தொனிகளை விரித்தெடுக்கும் அறிவு.

அந்த இரண்டும் கூடிய படம் அதே ஆடம்ஸின் ‘கிளியரிங் வின்டர் ஸ்டார்ம்’. எடுத்த ஆண்டை 1937 என்பாரும் உண்டு, 1944 என்பாரும் உண்டு. ஆடம்ஸுக்குத் தேதிக் கணக்கில் அக்கறை குறைவு. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் மேற்கு முனையில், இன்று சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் இடத்தையொட்டி எடுத்தது. இடப்பக்கம் எல் கேப்பிடன், வலப்பக்கம் கதீட்ரல் பாறைகள், அவற்றின் தோளிலிருந்து விழும் பிரைடல்வெய்ல் அருவி. ஆயிரக்கணக்கானோர் இதே காட்சியை எடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய படங்களின் நடுவில் ஹாஃப் டோம் இருக்கும். ஆடம்ஸின் படத்தில் அந்த இடத்தில் மேகம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் முத்திரைச் சின்னத்தையே புயலுக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்தையே படத்தின் மையமாக்கியிருக்கிறார். துணிச்சலான முடிவு என்று இதைச் சொல்லலாம்; கட்டமைப்பில் தவிர்க்க முடியாத முடிவு என்பது இன்னும் பொருத்தம். கண் பள்ளத்தாக்கின் வழியே உள்ளே போய், போய்ச்சேர வேண்டிய இடத்தில் பொருளைக் காணாமல் வானிலையைக் காண்கிறது.

முறையைக் கவனிப்போம். மரங்களைப் பின்னணி மலைகளோடு முதலில் பொருத்தி அமைத்துவிட்டு, சட்டத்தின் மேற்பகுதியில் மேகம் அமையும்வரை காத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மலை நிலையானது, மேகம் நிலையற்றது. நிலையானதை முதலில் கட்டி முடித்துவிட்டால் காத்திருப்பு வெறும் அதிர்ஷ்டமாக இராது, தேர்வாகிவிடும். அடுத்தது தொனி. புயல் ஒளி தட்டையானது. அதை அப்படியே அச்சிட்டால் எல்லாம் நடுச்சாம்பலில் தேங்கும். ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 1940ஐ ஒட்டி ஆடம்ஸ் வகுத்த மண்டல முறை இந்தச் சிக்கலுக்கே விடை: நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை எக்ஸ்போஷர் முடிவுசெய்கிறது, வெளிச்சம் எங்கே நிற்க வேண்டும் என்பதை நெகடிவைக் கழுவும் நேரம் முடிவுசெய்கிறது. இந்தப் படத்தில் கருப்பு, முன்னணியில் இருக்கும் பைன் மரங்களில் மட்டும் ஆழமாக இறங்குகிறது. தூரம் கூடக்கூடப் பாறையின் கருப்பு படிப்படியாக இளகுகிறது. கடைசியில் பாறை எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. விளிம்புக் கோட்டின் சோதனையில் படம் முழு மதிப்பெண் பெறும் இடம் இதுவே. பொங்கும் பாலில் நுரை எது, பால் எது என்று கோடு கிழிக்க முடியாததைப் போன்ற தொடர்ச்சி அது.

குறை இல்லாத படமா? இல்லை. அருவி ஒளிபெற்றிருக்கும் விதம் சற்றே ஒத்திகை பார்த்ததுபோல் இருக்கிறது. பெரிய அளவில் காணும்போது அந்த வெண்மை மேகத்தோடு போட்டியிடுகிறது. ஆனாலும் படத்தின் ஒழுங்கு அதைத் தாங்கிக்கொள்கிறது.

ஆடம்ஸின் புகழ்பெற்ற ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ இந்தத் தாங்குதிறனை இழந்தது. 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த அந்தப் படத்தின் தொடக்ககால அச்சுகளில் மேல்வானத்திலும் மெல்லிய மேகங்கள் தெரியும். 1948இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுவாக்கினார். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அச்சிடும்போது வானப்பகுதிக்குக் கூடுதல் ஒளி கொடுத்து அதை மேலும் மேலும் கருப்பாக்கினார். பிற்கால அச்சுகளில் மேல்பாதி ஏறத்தாழ வெறும் கருப்பு. நெகடிவை இசைக்குறிப்பாகவும் அச்சை வாசிப்பாகவும் கண்டவருக்கு அந்த உரிமை உண்டு. உரிமையை மறுக்காமலே சொல்லலாம்: முற்கால அச்சே மேலானது. அதில் நிலவும் மலையும் கல்லறைச் சிலுவைகளும் ஒரே மாலைக் காற்றில் இருந்தன. பிற்கால அச்சில் வானம் திரைச்சீலையாகிவிட்டது. சந்தை பிற்கால அச்சைக் கொண்டாடியது, அடுத்த தலைமுறை அதையே பாடமாக எடுத்துக்கொண்டது. இன்றைய மிகைக்கு விதை அங்கே இருக்கிறது.

இன்றைய மிகை என்று நான் குறிப்பிடுவது கருவியை அல்ல, கருவியைக் கையாளும் பொது வழக்கத்தை. டிஜிட்டல் கேமராவின் ரா (raw) கோப்பில் கிடைக்கும் 14 பிட் பதிவு, ஆடம்ஸ் கனவு காணாத தாராளத்தைத் தருகிறது. மேகத்தின் உச்ச வெளிச்சம் வெளுத்துப்போகாமல் எடுத்துவிட்டால் நிழலைப் பிறகு மீட்கலாம். அந்தத் தாராளத்தை வைத்து என்ன செய்கிறார்கள்? ‘கிளாரிட்டி’யைக் கூட்டுகிறார்கள். அது அக்கம்பக்கத் தொனிகளின் வேறுபாட்டை ஊதிப் பெருக்குவது. மேகத்தின் ஒவ்வொரு மடிப்பும் முறுக்கேறுகிறது. முகட்டை ஒட்டி, எந்த ஒளிமூலமும் தராத வெளிர்கோடு ஒன்று ஓடுகிறது. லைட்ரூம் மென்பொருளில் 2015இல் சேர்ந்த ‘டீஹேஸ்’ இன்னும் ஆபத்தானது. இடைப்பட்ட காற்று எவ்வளவு வெளுப்பைச் சேர்த்திருக்கிறது என்று கணித்து அதைக் கழிப்பதே அதன் வேலை. மலைப்புயலிலோ தூரத்தைச் சொல்வது அந்த வெளுப்பு ஒன்றுதான். மழைத்திரையைக் கழித்துவிட்டால் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சரிவு முன்னணி மரத்துக்கு ஒட்டினாற்போல் வந்து நிற்கும். விவரம் கூடுகிறது, ஆழம் போகிறது.

2020இல் ஃபோட்டோஷாப்புக்கு வந்த வானம் மாற்றும் வசதி லெ கிரேயின் தீர்வை மலைக்குக் கொண்டுவருகிறது, மலையில் அது ஏன் பொருந்தாது என்பதை உணராமல். மென்பொருள் முகட்டில் வெட்டுகிறது. வெட்டிய கோட்டுக்குப் பின்னால் வேறொரு நாளின் புயலை ஒட்டுகிறது. கீழே பாறைமீது விழும் ஒளி ஒரு திசை சொல்லும், மேலே மேகத்தின் விளிம்பொளி வேறு திசை சொல்லும். ஒட்டியதை மறைத்தார்கள் என்ற அறநெறிக் குற்றச்சாட்டு தனி வழக்கு. கலை என்ற அளவிலேயே அந்தப் படம் தோற்றுவிடுகிறது, ஏனெனில் அதன் மேகத்தால் மலையை மறைக்க இயலாது.

டிஜிட்டல் வழியே இப்படித்தான் முடியும் என்பதற்கில்லை. பிரேசில் ஒளிப்படக் கலைஞர் செபாஸ்டியோ சல்காடோ ‘ஜெனிசிஸ்’ தொகுப்பின் நடுவழியில் படச்சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு மாறினார். கோப்பிலிருந்து மீண்டும் நெகடிவ் தயாரித்து இருட்டறையில் அச்சிடச் செய்தார். அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் 2009இல் எடுத்த படத்தில் மேகத்தின் இடுக்கிலிருந்து இறங்கும் ஒளி, பள்ளத்தாக்கு வரை தொனி முறியாமல் வருகிறது. தூரத்துச் சரிவுகள் தூரத்திலேயே இருக்கின்றன. ஆனால் 2013இல் வந்த நூலைத் தொடர்ந்து புரட்டும்போது அந்த ஒளிக்கற்றை ஒரு சூத்திரமாகத் திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது. கண்டத்துக்குக் கண்டம் மேகம் ஒரே குரலில் பேசுகிறது. எந்தப் புயலும் எந்த மலையினுடையதும் அல்ல என்றாகிவிடுகிறது. ஆடம்ஸின் குளிர்காலப் புயலுக்கு அடுத்த இடத்தை அந்த அலாஸ்காப் படத்துக்குத் தயங்காமல் தருவேன். நூல் முழுவதற்கும் அதைத் தர முடியாது.