உணர்வேற்றம்: ஒரு சொல்லும் அதன் ஆட்சியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டிலுள்ள ஒரு தியான இல்லத்தில் பொதுநிலையினருக்கான மூன்று நாள் ஆற்றுப்படுத்தல் பயிற்சி நடைபெற்றது. இரண்டாம் நாள் காலை, சில்வர் ஓக் மரங்களை மூடிக்கொண்டு பனி இறங்கியிருந்தது. குழு உரையாடலில் நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் எழுந்து, தாம் பேசத் தொடங்கும்போதெல்லாம் பயிற்சியாளர் குறுக்கிட்டு நிறுத்திவிடுகிறார் என்று முறையிட்டார். பயிற்சியாளர் புன்னகைத்தார். “உங்கள் கோபம் என்மீது அன்று, உங்கள் தந்தைமீது. இதற்குப் பெயர்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ்” என்றார். சிலர் அச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அவர்களுள் நானும் ஒருவன். அம்மையார் அமர்ந்துவிட்டார். பகலுணவுக்குப்பின் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு சேலம் பேருந்தில் ஏறிவிட்டார் என்பதை மாலையில்தான் அறிந்தோம்.

அன்று எழுதிக்கொண்ட சொல்லை இன்று சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

‘டிரான்ஸ்ஃபர்’ என்றவுடன் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது அரசு ஊழியரின் மாற்றல் உத்தரவு. ஆளும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஓரூரிலிருந்து வேறூருக்குப் போகின்றன. உளவியல் சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிராய்டு ஜெர்மன் மொழியில் ஆண்ட சொல் ‘யூபர்டிராகுங்’. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல் என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பையும் அம்மொழியினர் அச்சொல்லாலேயே குறிப்பதுண்டு. பிராயருடன் இணைந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில் அவர் இதை விளக்குகிறார். முன்பு ஒருவரிடம் தோன்றி மறக்கப்பட்டுப்போன விருப்பம், இப்போது மருத்துவரிடம் புதிதாகத் தோன்றியதைப்போல் எழுகிறது. நோயாளி அதை இன்றைய உணர்வென்றே நம்புகிறார். மாற்றலாகிப் போகிறவர் கையில் உத்தரவு இருக்கும். இங்கே இடம் மாறியது என்பதே தெரியாது. சொல்லின் உயிர் இந்த அறியாமையில்தான் உள்ளது.

இதை மறந்துவிடுவதால்தான் அன்றாடப் பேச்சில் எல்லாமே ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ ஆகிவிடுகிறது. மாமியார்மீதுள்ள சினத்தைப் பாத்திரத்தின்மீது காட்டும் மருமகளுக்குத் தன் சினம் யார்மீது என்பது நன்றாகவே தெரியும். வழியில் போகிறவரை அண்ணா என்பதும், பங்குப் பணியாளரைத் தந்தை என்பதும் நம் நாவின் மரியாதை. அவற்றில் உளப்பகுப்பாய்வுக்கு வேலையில்லை. ஆனால் மான்ட்ஃபோர்ட் பள்ளி (1917) போன்ற பழைய விடுதிப் பள்ளிகளைக் கொண்ட ஏற்காட்டைப் போன்ற ஓர் ஊரில் இப்படி ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். வீட்டில் அடிவாங்கி வளர்ந்தவன். விடுதிக் காப்பாளரோ மென்மையானவர். எனினும் அவர் காலடியோசை கேட்டால் அவன் உடல் சுருங்குகிறது. அவர் கொடியவர் என்றே உறுதியாக நம்புகிறான். அச்சொல்லுக்குரிய இடம் இதுதான்.

தமிழில் இதற்கு நிலையான பெயர் இன்னும் அமையவில்லை. 1922இலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிவிட்டார். நாமோ ‘இடமாற்றம்’ என்றும் ‘உணர்ச்சி மாற்றம்’ என்றும் தடுமாறிக்கொண்டிருக்கிறோம். நம் அணியிலக்கணத்தில் இதற்கு அண்டை வீட்டுச் சொல் ஒன்று உண்டு: தற்குறிப்பேற்றம். மதுரையை நெருங்கும் கோவலனையும் கண்ணகியையும் மதிற்கொடிகள் ‘வாராதீர்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைந்தன என்று இளங்கோ பாடுவதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காற்றில் ஆடிய கொடிமீது கவிஞர் தம் துயரை ஏற்றினார். ஏற்றியதை அவர் அறிவார், நாமும் அறிவோம். அறியாமல் ஏற்றினால் அதுவே நோய். ஆதலால் ‘உணர்வேற்றம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மாற்றம் என்றால் போனது போய்விட்டது என்ற பொருள் வரும்; ஏற்றம் என்பதிலோ சுமக்கிறவரும் இருக்கிறார், சுமத்தப்படுகிறவரும் இருக்கிறார்.

இனி, பயிற்சியாளர் செய்த பிழைக்கு வருவோம். அது அவர் ஒருவருடைய பிழையன்று. மூலவரிடமே அதன் விதை கிடக்கிறது. பிராய்டு 1905இல் வெளியிட்ட ‘டோரா’ வரலாற்றில் வருபவள் பதினெட்டு வயதுப் பெண். தந்தையின் நண்பர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்றாள். அவர் மறுத்தார், தந்தை மகளை நம்பவில்லை. மகளுக்குப் புத்தி தெளியவேண்டும் என்று பிராய்டிடம் ஒப்படைத்தார். பிராய்டு அவள் கூறிய நிகழ்ச்சியை நம்பினார். அந்த அளவில் தந்தையைவிட நேர்மையானவர். ஆனால் அவளுடைய அருவருப்பை நம்பவில்லை. உள்ளூர அந்த மனிதரை அவள் விரும்பினாள் என்று விளக்கம் கூறினார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்த அவள், 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். அந்த நண்பரின் உருவை என்மேல் ஏற்றி என்னைப் பழிவாங்கினாள், அதை உரிய காலத்தில் உணரத் தவறினேன் என்ற கருத்துப்பட அவர் பின்னர் எழுதினார். தம் தவற்றை ஒப்புக்கொண்டது பெருந்தன்மை. ஆனால் அவர் ஒப்புக்கொண்ட தவறு வேறு, இழைத்த தவறு வேறு என்றே எனக்குப் படுகிறது. தன் அருவருப்பை ஏற்காத ஒருவரைவிட்டு ஒரு பெண் எழுந்து போவதற்கு உணர்வேற்றம் எதற்கு?

இச்சொல் முறையிடுகிறவரை நோக்கி நீட்டப்படும்போது முறையீடு மறைந்துபோகிறது. முறையிட்டவர் மட்டும் ஆய்வுப் பொருளாக எஞ்சுகிறார். பிராய்டே 1910இல் மருத்துவரின் உள்ளத்தில் எழும் எதிர் உணர்வேற்றத்தைச் சுட்டிக்காட்டினார். நோயாளியின் காதலைப் பற்றிய 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில், காத்துநடக்கும் கடமையை முழுவதும் மருத்துவர்மீதே வைத்தார். ஆற்றுப்படுத்தல் வகுப்புகளில் முதற்பாடமாக வைக்கவேண்டியவை இவை. குறுக்கிடுகிறீர்கள் என்று ஒருவர் கூறினால், முதலில் கேட்கவேண்டியது ‘குறுக்கிட்டேனா?’ என்பதுதான். தந்தையைப் பற்றிய கேள்வி பிறகு வரட்டும்; வராமலும் போகட்டும்.

அந்த அம்மையாரை ஓராண்டு கழித்துச் சேலத்தில் ஒரு திருமண விருந்தில் கண்டேன். அன்று வாய்மூடி இருந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். “நீங்களும் எழுதிக்கிட்டுத்தான இருந்தீங்க” என்றார். பிறகு, நான் கேளாமலே, தம் தந்தையைப் பற்றிச் சொன்னார்: “நான் பேசி முடிக்கிற வரைக்கும் எங்கப்பா சோத்துல கை வைக்கமாட்டார்.”