22 சுற்றில் பிறந்த 18 சதவீதம்

ரூலெட் சக்கரத்தைக் கையடக்கக் கருவி வைத்துக் கணிக்கலாம் என்று யார் பேச ஆரம்பித்தாலும், கொஞ்ச நேரத்தில் ஒரு எண் வந்து விழும்: 18 சதவீதம். அதாவது 100 கட்டினால் சராசரியாக 118 திரும்பும். கருவி விற்பவர்கள் சொல்கிறார்கள், அறிவியல் செய்தி எழுதுபவர்களும் சொல்கிறார்கள். எண் பிறந்த இடம் 2012-ல் 'கேயாஸ்' ஆய்விதழில் மைக்கேல் ஸ்மால், சி காங் ட்சே என்ற இருவர் எழுதிய கட்டுரை. ஒருவர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம், இன்னொருவர் ஹாங்காங் பாலிடெக்னிக். நல்ல கட்டுரை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சண்டை அந்த ஒரு எண்ணோடுதான்.

முதலில் இயற்பியல். பந்து வெளி விளிம்பில் ஒரு திசையில் ஓடுகிறது, எண்கள் உள்ள உள்சக்கரம் எதிர்த் திசையில் சுற்றுகிறது. பந்தின் வேகம் உராய்வால் குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனதும் விளிம்பில் நிற்க முடியாமல் சரிவில் இறங்கும். வழியில் இருக்கும் உலோகத் துண்டுகளில் முட்டலாம், முட்டாமலும் போகலாம். பிறகு ஏதோ ஒரு குழியின் ஓரத்தில் அடித்துத் துள்ளி எங்கேயோ அடங்கும். கடைசித் துள்ளலை யாராலும் கணிக்க முடியாது. ஆனால் விளிம்பை விட்டு இறங்கும் வரை நடப்பது பள்ளிக்கூடத்து மெக்கானிக்ஸ்தான். இன்னொரு சலுகையும் உண்டு. பந்தை விட்ட பிறகும் 'இனி பந்தயம் இல்லை' என்று மேசை ஊழியர் சொல்லும் வரை சில விநாடிகள் காசு வைக்கலாம். விஷயமே அந்தச் சில விநாடிகள்தான்.

சரியான எண்ணைச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஐரோப்பியச் சக்கரத்தில் 37 குழிகள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் கட்டியதையும் சேர்த்து 36 மடங்கு கைக்கு வரும். விடுதிக்கு மிஞ்சுவது 2.7 சதவீதம். சக்கரத்தின் எந்தப் பாதியில் பந்து விழும் என்று சும்மா ஊகிப்பதைவிடக் கொஞ்சம் நன்றாகச் சொன்னாலே அந்த 2.7-ஐத் தாண்டிவிடலாம்.

ஸ்மாலும் ட்சேயும் செய்தது இதுதான். பந்து ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது ஒரு கிளிக், உள்சக்கரத்தின் பச்சைப் பூஜ்யம் கடக்கும்போது ஒரு கிளிக். அதிலிருந்து வேகம், வேகம் குறையும் வீதம், விழும் நேரம், விழும் பாதி. கையில் ஒரு கருவி இருந்தால் போதும், யார் கண்ணிலும் படாது. தரமான ஒரு ஐரோப்பியச் சக்கரத்தில் செய்து பார்த்தார்கள். சுருக்கத்தில் எழுதிய முடிவு: எதிர்பார்க்கும் லாபம் 'குறைந்தபட்சம் 18 சதவீதம்'.

அந்தக் 'குறைந்தபட்சம்' என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால், கிளிக் முறையில் சுற்றியது 22 தடவை. கணித்த பாதியில் பந்து விழுந்தது 13 தடவை. 18 எண்களில் சமமாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு வெற்றிக்கும் காசு இரட்டிப்பு. 22 போட்டு 26 எடுத்தால் 18 சதவீதம் வந்துவிடுகிறது. கணக்கு சரி. ஆனால் ஒரு காசை 22 தடவை சுண்டிவிட்டால் 13 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு எவ்வளவு? 26 சதவீதம். நாலு பேர் காசு சுண்டினால் அதில் ஒருத்தருக்கு இந்த அளவு 'திறமை' தானாகவே வந்துவிடும். சக்கரத்தில் வாய்ப்பு 50 அல்ல, 48.6 சதவீதம் என்பதால் இது இன்னும் சற்றுக் குறையும். அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

வேறு மாதிரியும் பார்க்கலாம். அந்த 13 பந்துகளில் ஒன்றே ஒன்று கடைசித் துள்ளலில் அடுத்த பாதிக்குப் போயிருந்தால் லாபம் 9 சதவீதம். இரண்டு போயிருந்தால் பூஜ்யம். மூன்று போயிருந்தால் 9 சதவீத நஷ்டம். யாராலும் கணிக்க முடியாது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் அந்தத் துள்ளலின் மேல்தான் இந்தப் புகழ்பெற்ற எண் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு 'குறைந்தபட்சம்' என்று பெயர் வைக்கலாமா? என் டீமில் யாராவது 22 சாம்பிளை வைத்து 'பெர்ஃபார்மன்ஸ் 18 சதவீதம் கூடிவிட்டது' என்று வந்தால், டீ குடித்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுரையின் உண்மையான பலம் பின்பாதியில் இருக்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. சக்கரத்துக்கு மேலே டிஜிட்டல் கேமரா பொருத்தி, இதைவிடப் பெரிய அளவில் செய்த சோதனை அது. புள்ளியியல்படி நிற்கும் சாய்வுகள் அங்கே கிடைக்கின்றன. முக்கியமாக, மேசை துளி சாய்ந்திருந்தாலே பந்து ஒரு பக்கம் அதிகமாக இறங்குகிறது என்று காட்டுகிறார்கள். தினமும் மட்டம் பார்க்கும் ஒரு தச்சரை வைத்துக்கொள்வது விடுதிக்கு மலிவான பாதுகாப்பு என்று இதிலிருந்து புரிகிறது. ஆனால் மேலே கேமரா மாட்ட எந்த விடுதியும் விடாது. நிரூபணம் ஆனது பையில் போகாத கருவி. பையில் போகும் கருவிக்கு இருப்பது 22 சுற்று.

இந்த இடைவெளி புதிதல்ல. 1961-ல் எட்வர்ட் தோர்ப்பும் கிளாட் ஷானனும் (ஆமாம், தகவல் கோட்பாட்டு ஷானன்தான்) சிகரெட் பாக்கெட் அளவில் 12 டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு கணினி செய்தார்கள். காலால் ஸ்விட்சை அமுக்குவது ஒருவர், காதில் இசைச் சுரமாகப் பதிலைக் கேட்டுப் பந்தயம் கட்டுவது இன்னொருவர். வீட்டில் சக்கரம் வாங்கி வைத்து அளந்ததில் 44 சதவீத லாபம் கணக்கில் வந்தது. லாஸ் வேகாஸில் என்ன ஆயிற்று? காதுக்குப் போகும் மயிரிழைக் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. பத்து சென்ட் சில்லுகளை வைத்து விளையாடி, கருவி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். கணக்கை வீழ்த்தியது நியூட்டன் அல்ல, சால்டரிங்.

எழுபதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸில் டாய்ன் ஃபார்மர், நார்மன் பக்கார்ட் குழு இதையே 6502 சிப் வைத்துச் செய்தது. கடைசியில் கணினி காலணிக்குள் போனது. தாமஸ் பாஸ் 1985-ல் எழுதிய 'தி யூடெமோனிக் பை' அந்தக் கதை. இந்த விஷயத்தில் ஒரே ஒரு புத்தகம் படிக்கலாம் என்றால் அதைத்தான் சொல்வேன். சூதாட்டத்தை ஜெயித்த மேதைகளின் கதை என்று அட்டையைப் பார்த்து வாங்குவீர்கள். உள்ளே பக்கம் பக்கமாக இருப்பது ஹார்டுவேர் கோளாறு. ஆடை மறைவில் கட்டியிருந்த அதிர்வுக் கருவியின் இன்சுலேஷன் போய், பந்தயம் கட்டும் பெண்ணுக்கு ஷாக் அடிக்கிறது, அவர் முகம் மாறாமல் தொடர்ந்து காசு வைக்கிறார். எம்பெடட் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகின வலி. அந்தக் குழுவில் யாரும் ரூலெட்டால் பணக்காரர் ஆகவில்லை. அவர்களில் பலர் கேயாஸ் கோட்பாட்டில் பெயர் வாங்கியவர்கள், கணிதம் தெரியாதவர்கள் அல்ல.

இவ்வளவுக்கும் நடுவில் 2004 லண்டன் ரிட்ஸ் கிளப் கதை வரும். மூன்று பேர், இரண்டு இரவு, 13 லட்சம் பவுண்டு. மொபைல் போனில் லேசர் ஸ்கேனர் வைத்திருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. போலீஸ் கைது செய்தது, மாதக்கணக்கில் விசாரித்தது, கடைசியில் வழக்கில்லாமல் விட்டுவிட்டது. பணமும் அவர்களிடமே போயிற்று. லேசர் என்பது பத்திரிகையில் வந்தது, நீதிமன்றத்தில் நிரூபணமானது அல்ல. ஆனால் 'போனில் முடியும்' என்ற நம்பிக்கைக்கு இன்றுவரை இதுதான் சாட்சி. அமெரிக்காவின் நெவாடா மாநிலமோ 1985-லேயே இந்த மாதிரிக் கருவிகளைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அங்கே பையில் கருவியோடு உட்கார்ந்தால் லாப நஷ்டக் கணக்குக்கு முன்னால் சிறைக் கணக்கு வரும்.

என் மேசைக் கணக்கு ஒன்று. பந்து விளிம்பை விடும்போது 2 விநாடிக்கு ஒரு சுற்று, உள்சக்கரம் எதிர்த் திசையில் 3 விநாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று விநாடிக்கு 0.83 சுற்று வேகத்தில் கடக்கின்றன. விழும் நேரத்தைக் கணிப்பதில் வெறும் 0.3 விநாடி பிசகினால் கால் சுற்று போச்சு, அதாவது 9 குழி. இரண்டு பக்கமும் இந்தப் பிசகு வரும் என்றால் பாதிச் சக்கரம் கரைந்துவிட்டது. நெரிசலில், ஊழியர் கண்ணுக்குக் கீழே, விரலால் கிளிக் செய்து 0.3-க்குள் நிற்க முடியுமா? பயிற்சி செய்த ஒருவரால் முடியலாம். விற்கும் பெட்டியை வாங்கி, முதல் தடவை பதற்றத்தோடு உட்காருபவரால்? அவரிடம்தான் '18 சதவீதம், பல்கலைக்கழக ஆராய்ச்சி' என்று சொல்லி விற்கிறார்கள். அவர் பெட்டிக்கு ஒரு காசு, மேசைக்கு ஒரு காசு என்று இரண்டு பக்கமும் கொடுக்கிறார்.

59 சதவீதத்தையும் 48.6 சதவீதத்தையும் நம்பும்படி பிரித்துக்காட்ட, என் கணக்குப்படி சுமார் 200 சுற்று வேண்டும். மணிக்கு 40 சுற்று என்றால் ஐந்து மணி நேர வேலை. கருவி விற்பவர் யாராவது சக்கரம், கிளிக், விழுந்த குழி மூன்றும் தெரிகிற மாதிரி வெட்டாத வீடியோவில் அந்த 200-ஐப் போடட்டும், நான் உட்கார்ந்து எண்ணுகிறேன்.