கை தக்கில் நின்ற விமானங்கள்

1952 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன ஒரு தீர்ப்பைச் சில நாட்களாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தலைப்பு தூக்கம் வரவழைக்கும்: சிவில் ஏர் டிரான்ஸ்போர்ட் எதிர் சென்ட்ரல் ஏர் டிரான்ஸ்போர்ட். உள்ளே இருப்பதோ சுவாரஸ்யமான விஷயம். ஓர் அரசாங்கம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அது போட்டுவைத்திருந்த சாமான் இனி யாருக்கு? பக்கத்து வீடு, பிரிட்டிஷ் காலனியான ஹாங்காங்.

1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனம் பிறந்தது. நவம்பர் 9 அன்று ஹாங்காங்கின் கை தக் விமான நிலையத்திலிருந்து, பழைய அரசின் இரண்டு விமான நிறுவனங்களுக்குச் சொந்தமான 12 விமானங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வடக்கே பறந்துபோயின. இரு நிறுவனத் தலைவர்களும் அதிலேயே போய்விட்டார்கள். மிச்சம் 71 விமானங்கள் தரையில். ஊழியர்களில் பெரும்பாலோர் புது அரசு பக்கம் என்று அறிவித்து அவற்றைக் காவல் காத்தார்கள். டிசம்பரில், தைவானுக்கு ஒதுங்கிய சியாங் கை ஷேக் அரசு அந்த விமானங்களை செனால்ட், வில்லாயர் என்ற இரு அமெரிக்கர்களுக்கு விற்றது. அவர்கள் டெலாவேரில் பதிவான ஒரு கம்பெனிக்கு மாற்றினார்கள். 1950 ஜனவரி 6 அன்று பிரிட்டன் பெய்ஜிங்கை அங்கீகரித்தது. விற்பனை நடந்த தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் உள்ள சில வாரங்கள்தான் வழக்கே.

ஹாங்காங் நீதிமன்றங்கள் கம்பெனிக்கு எதிராகச் சொல்லின. பிரிவி கவுன்சில் புரட்டிப் போட்டது. (இந்தியா அந்த வாசலை விட்டு வெளியே வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.) அதன் வாதம் இதுதான்: அங்கீகாரம் பின்னோக்கிப் பாயும், ஆனால் முக்கியமாக ஒரு திசையில்தான். புது அரசு அதற்கு முன் செய்ததை அது செல்லுபடியாக்கும். அன்றைக்குச் சட்டப்படி அரசாக இருந்தது செய்ததை ரத்தாக்காது.

கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பிடிக்கும். பழைய லாகில் கை வைக்காதே என்கிற விதி அது. நியாயமும் இருக்கிறது. ரத்தாகும் என்றால், அந்த மாதங்களில் பழைய அரசிடம் சம்பளம் வாங்கியவன், சரக்கு விற்றவன் எல்லோரும் தெருவில் நிற்பார்கள். வாக்கியங்களும் பிசிறில்லாமல் வருகின்றன.

ஆனாலும் உறுத்துகிறது. இது சம்பளமோ சரக்கோ இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு, அடுத்து வருகிறவனுக்குக் கிடைக்கக்கூடாது என்றே கதவு ஜன்னலைக் கழற்றி விற்பது மாதிரி. அன்றாட வியாபாரத்தைக் காப்பாற்ற வந்த விதி இதற்கும் குடை பிடிக்க வேண்டுமா? காவல் காத்த ஊழியர்கள் அந்தப் பக்கங்களில் ஒரு சட்டப் பிரச்சினையாக மட்டும் வருகிறார்கள்: விமானங்கள் யார் கைவசம் இருந்தன என்ற பிரச்சினை. அவர்களுக்கு முகமே கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம், ஆட்டத்தின் நடுவில் விதி மாறியது. அயல்நாட்டு அரசின் கையில் இருக்கும் சொத்தில் தலையிட முடியாது என்று ஹாங்காங் நீதிமன்றம் ஒதுங்கப் பார்த்தபோது, 1950 மே மாதம் லண்டன் தனி ஆணை போட்டு, வழக்கை விசாரி என்றது. தீர்ப்பில் இது அதிகாரவரம்பு பற்றிய விவரமாகச் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த அறையின் சத்தம் கேட்க வேண்டுமென்றால் அப்போதைய கவர்னர் கிரான்தம் 1965இல் வெளியிட்ட 'வயா போர்ட்ஸ்' நினைவுக்குறிப்பைத்தான் எடுக்க வேண்டும். போர்க்கால அமெரிக்க உளவுத்துறையை நடத்திய டோனவன் நேரில் வந்து நெருக்கியதை அவர் மறைக்கவில்லை. உரைநடையாக அது சுமார்தான். காலனி ஆண்டவரின் தோரணை பக்கத்துக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஆனால் யார் யாரை மிரட்டினார்கள் என்று அங்கேதான் தெரிகிறது. தீர்ப்பு வந்த நாளில் கொரியாவில் பிரிட்டிஷ் படை சீனப் படையோடு சண்டையில் இருந்தது. இதை அடிக்குறிப்பாகவாவது வைத்துக்கொண்டு தீர்ப்பைப் படியுங்கள்; அதே வாக்கியங்கள் வேறு மாதிரி ஒலிக்கும்.

கை தக்கில் கடற்காற்றில் மூன்று வருஷம் நின்ற விமானங்கள் அதன்பின் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன, கப்பலில் ஏற்றி.